விராலுக்குத் தவளை, கெண்டைக்கு மாவு

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கள் ஊர் ஏரியில் இரண்டு மாதமாகத் தூண்டில் போடுகிறேன். ஆன்லைனில் ஏழடி ராடும் ரீலும், லூர் எனப்படும் பொய்யிரை நாற்பது உள்ள பெட்டி ஒன்றும் வாங்கினேன். உபரிநீர் வழியும் கலங்கல் பக்கம் செடி இல்லாத தண்ணீராகப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி எறிந்துவிட்டேன். ஒன்றும் கவ்வவில்லை. பக்கத்தில் மூங்கில் கழியும் தக்கையுமாக உட்கார்ந்திருப்பவர்கள் ஜிலேபி மீனும் ரோகுவும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களைப் பார்த்து நானும் மைதா பிசைந்து போட்டேன். இளக்கமாகப் பிசைந்தால் தண்ணீரில் விழுந்ததும் கரைந்துவிடுகிறது. கெட்டியாகப் பிசைந்தால் தக்கை ஆடுகிறது, மீன் மாட்டுவதில்லை. ஏரியில் கட்லா, ரோகு, ஜிலேபி, விரால் உண்டு. எந்த லூர், எந்த இரை என்று சொல்வீர்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொன்ன நான்கில் லூரைத் துரத்திக் கவ்வுகிற மீன் விரால் ஒன்றுதான். ஓடும் மீனைப் போலவோ தாவும் தவளையைப் போலவோ நடிக்கிற பொருள்தான் லூர். வேட்டையாடும் மீனுக்கு மட்டுமே அது இரையாகத் தெரியும். கட்லா தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும். ரோகுவுக்குப் பாசியும் அழுகிய இலைதழையும். ஜிலேபி பெரும்பாலும் பாசி மேயும், புழு கிடைத்தால் விடாது. இவற்றுக்கு முன்னால் நாற்பது லூரையும் இழுத்துக் காட்டினாலும் பயனில்லை. விராலோ நீங்கள் எறிந்த இடத்தில் இருக்காது. அது செடிக்குள் பதுங்கியிருக்கும்.

லூர் பெட்டியை மூடி வைத்துவிட்டு முதலில் மாவைச் சரிசெய்யுங்கள். 100 கிராம் மைதா, சலித்த கடலைப் புண்ணாக்குத் தூள் 50 கிராம், வறுத்துப் பொடித்த சோம்பு அரை ஸ்பூன். வாசனைக்கு அது ஒன்று போதும், நாலைந்தைக் கலக்காதீர்கள். 80 மில்லி தண்ணீரில் ஆரம்பித்து, தேவைப்பட்டால் ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்த்து, சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கமாகப் பிசையுங்கள். பத்து நிமிடமாவது அடித்துப் பிசைய வேண்டும். மைதாவின் பசை இழுபட்டு ஒன்றோடொன்று பின்னினால்தான் மாவு தண்ணீரில் நிற்கும். உங்கள் மாவு கரைந்ததற்குக் காரணம் தண்ணீர் கூடியதும் பிசைந்தது போதாததும்தான். கடைசியில் எலுமிச்சம்பழ அளவு பஞ்சை மெல்லிய இழைகளாகப் பிய்த்துத் தூவி, திரும்பவும் பிசைந்துவிடுங்கள். பஞ்சு மாவைத் தூண்டில் முள்ளோடு கட்டிப் பிடிக்கும். ஈரத்துணியில் சுற்றி அரை மணி நேரம் வைத்த பிறகு எடுங்கள்.

ஏரிக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே சோதித்துவிடலாம். முள்ளில் மாவை அப்பி, ஒரு சொம்புத் தண்ணீரில் விடுங்கள். பத்து நிமிடம் விழாமல் நிற்க வேண்டும். பிறகு தூண்டில் நரம்பைச் சுண்டினால் மாவு கிழிந்து முள் வெளியே வர வேண்டும். இந்த இரண்டாவது சோதனையில்தான் உங்கள் கெட்டி மாவு தோற்கிறது. கட்லா, ரோகு போன்ற கெண்டை இனத்துக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் இருக்கிறது. இரையைக் கடிக்காமல் உறிஞ்சும், சந்தேகம் வந்தால் அந்தக் கணமே துப்பிவிடும். முள்முனை கெட்டி மாவுக்குள் புதைந்து கிடந்தால் உதட்டில் எதுவும் குத்தாது. மாவை உருட்டிக் குண்டாக வைக்காமல் முள்ளின் வளைவிலும் தண்டிலும் அப்புங்கள். முனை கொஞ்சம் வெளியே தெரியட்டும். அதைப் பார்த்து மீன் பயப்படும் என்று கவலைப்பட வேண்டாம்.

முள்ளின் எண் பலரையும் குழப்புகிறது. எண் கூடக்கூட முள் சிறியது, 12ஐவிட 6 பெரியது. 1க்குப் பிறகு 1/0, 2/0 என்று போகும்போது கணக்கு திரும்பி, எண் கூடினால் முள்ளும் பெரிதாகும். ஜிலேபிக்கு 8 அல்லது 10, ரோகுவுக்கு 6, வாய் அகன்ற கட்லாவுக்கு 4 எடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் மாறும், எனவே முள்ளைக் கையில் வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது.

இரை எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு மீனின் வாயையே பாருங்கள். கட்லாவின் கீழ்த்தாடை மேல்நோக்கித் தூக்கியிருக்கும், அது மேல்நீரில் மேய்கிற மீன். முள்ளைத் தக்கைக்கு இரண்டு மூன்று அடி கீழே விடுங்கள். ரோகுவின் வாய் சற்றுக் கீழ்நோக்கியது, உதடு சுருக்கம் வைத்துத் தைத்தது போலிருக்கும். அதற்கு இரை அடியைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். தக்கை படுத்தே கிடந்தால் நரம்பில் கட்டிய ஈயம் தரையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அது நிமிரும்வரை ஆழத்தைக் குறையுங்கள். தக்கை பெரிதாக, ஈயம் குறைவாக இருப்பது புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. மீன் இழுக்கும்போது தக்கை எதிர்த்து இழுக்கும், மீன் துப்பிவிடும். அரை அங்குலம் மட்டும் வெளியே தெரியும்வரை ஈயம் சேருங்கள். நிமிர்ந்து நின்ற தக்கை திடீரென்று மேலெழும்பிச் சாய்ந்தால், அடியில் ஒரு மீன் இரையோடு ஈயத்தையும் தூக்குகிறது. அமுங்கட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே சுண்டுங்கள்.

மீனைக் கூட்ட, ஊறவைத்த புண்ணாக்கு கால் கிலோவை அரை கிலோ தவிட்டோடு பிசைந்து, கைப்பிடி உருண்டையாக மூன்று போடுங்கள். அதன்பின் அரை மணிக்கு ஒன்று போதும். அதிகம் போட்டால் மீன் வயிறு நிறைந்து உங்கள் முள்ளைத் திரும்பிப் பார்க்காது.

ஜிலேபிக்கு மண்புழுதான் எனக்கு முதல் தேர்வு. தலைப்பக்கம் குத்தி முள்ளின் வளைவைச் சுற்றி ஏற்றி, ஒரு சென்டிமீட்டர் வாலை நெளியவிடுங்கள். வால் இரண்டு அங்குலம் தொங்கினால் பொடி மீன்கள் அதை மட்டும் அறுத்துக்கொண்டு போகும், தக்கை சும்மா ஆடிக்கொண்டே இருக்கும். புழுவைக் கரை மண்ணோடு ஈரச்சாக்கில், நிழலில் வையுங்கள். அரை மணி நேர வெயில் போதும், துவண்டுவிடும். மண்புழுவுக்குத் தேளி மீனும் வரும். அதன் பக்கத்துடுப்பு முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் மணிக்கணக்கில் கடுக்கும். வெறுங்கையால் பிடிக்காமல் குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள்.

இனி விரால். உங்கள் பெட்டியில் உள்ளே காற்றுள்ள ரப்பர் தவளை இருந்தால் அதை மட்டும் எடுங்கள். அதன் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டிப் படுத்திருப்பதால் அல்லி, ஆகாயத்தாமரை மேலே இழுத்தாலும் சிக்காது. வாங்கிய தவளை உதவுமா என்பதை இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். லேசாக அமுக்கியதும் உடம்பு குழிந்து இரண்டு முனையும் வெளியே வர வேண்டும். விலை குறைந்தவற்றில் ரப்பர் தடிமனாக இருக்கும். விரால் கவ்வும், முள் வெளியே வராது, மீன் நழுவும். அப்படிப்பட்டதை வெந்நீரில் சிறிது நேரம் போட்டுப் பிசைந்தால் கொஞ்சம் இளகும். எறிய எறிய முள் நுழையும் துளை வழியாகத் தண்ணீர் புகுந்து தவளை அமிழத் தொடங்கும், அவ்வப்போது பிழிந்துவிடுங்கள்.

காலை ஒன்பது மணிவரை, மாலை நாலரைக்கு மேல், காட்டாமணக்குப் புதரோரம், கோரை இடைவெளி, அல்லி இலை விளிம்பு ஆகிய இடங்களைத் தேடுங்கள். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன், மூச்சுக்கு மேலே வந்தே தீரும். குமிழி விட்டுக் கலங்கிய இடம் தெரிந்தால், அதைத் தாண்டி ஆறேழு அடி தள்ளி எறிந்து, அதன் மேலாக இழுத்து வாருங்கள். தலைமேலேயே விழுந்தால் ஓடிவிடும். ராடு நுனியால் இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு தட்டு. விரால் பாய்ந்து தண்ணீர் வெடித்ததும் சுண்டக் கை பரபரக்கும், அதை அடக்க வேண்டும். விரால் தவளையோடு செடியையும் சேர்த்துத்தான் கவ்வுகிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணி, நரம்பு இறுகியது கைக்குத் தெரிந்தபின் பலமாகச் சுண்டுங்கள். தவறவிட்டாலும் அதே இடத்தில் திரும்ப எறியுங்கள், பெரும்பாலும் மறுபடி பாயும்.

இதற்குச் சாதாரண நைலான் நரம்பு உதவாது, அது இழுபடும். 30 பவுண்டுக்குக் குறையாமல் தாங்கும், இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு வேண்டும். தவளையின் நிறத்தைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வயிறும் நிழலும்தான் தெரியும். கலங்கிய நீருக்குக் கறுப்பு, தெளிந்த நீருக்குப் பச்சை அல்லது பழுப்பு என்று இரண்டு போதும். உயிர்த்தவளையைப் பிடித்து முள்ளில் கோக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரப்பர் தவளை இருக்கும்போது அந்தக் கொடுமைக்குத் தேவையே இல்லை.

மழைக்காலத்தில் நீர்மட்டத்தில் செம்மஞ்சள் நிற விரால் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளிப்பதைக் காண்பீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே எதை எறிந்தாலும் பாயும், பசியால் அல்ல, குஞ்சுகளைக் காக்க. அந்த மீனை எடுத்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். தயவுசெய்து அங்கே எறியாதீர்கள்.

உங்கள் மாவட்டத்தில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பறவைச் சரணாலயங்கள், அங்கே தூண்டில் கூடாது. அந்தப் பறவைகள் இரை தேடிச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வரும். அறுந்த நரம்பைக் கரையில் போட்டால் அவற்றின் காலில் சுற்றும், பையில் சுருட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ஏரி மீன்பிடி குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில் மிச்சமுள்ள லூர்களில் பத்து கிராம் அளவுள்ள, கரண்டி வடிவத் தகடான ஸ்பூன் ஒன்றையும் தகடு சுழலும் ஸ்பின்னர் ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். செடி குறைந்த மதகோரத்தில் விராலுக்கு அவை எப்போதாவது உதவும். மூன்று கொக்கி தொங்கும் மீன் பொம்மைகளைச் செடியுள்ள ஏரிக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.