ஷேடோ டீச்சர் வைத்தால் போதுமா?

வணக்கம்.

பெங்களூரு ஜீவன்பீமா நகரில் இருக்கிறோம். மகனுக்கு எட்டு வயது, ஆட்டிசம், மூன்றாம் வகுப்பு. வாசிப்பான், கணக்கும் நன்றாக வரும். ஆனால் வகுப்பில் சொன்னதைக் கேட்டுச் செய்வதில்லை, எழுந்து நடந்துகொண்டே இருப்பான். எங்கள் செலவில் ஷேடோ டீச்சர் (வகுப்பில் அவன் பக்கத்திலேயே இருந்து உதவும் தனி உதவியாளர்) வைத்தால்தான் தொடர்ந்து படிக்கலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். வைத்தோம். மூன்று மாதமாக நோட்டெல்லாம் நிறைந்து வருகிறது. அவர் லீவு போட்ட அன்று மட்டும் பையன் ஒரு வரிகூட எழுதவில்லை. இது உதவியா, கெடுதலா? இதைப் பற்றி ஆராய்ச்சி ஏதாவது உண்டா? வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார்கள். அதுவும் சரியா?

ஆர்., பெங்களூரு

அன்புள்ள ஆர்.,

மூன்று மாதமாக அந்த நோட்டில் எழுதியது யார் என்று முதலில் பாருங்கள். கையெழுத்து அவனுடையதாக இருந்தாலும், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலிருந்து ஒருவர் 'எழுது, எழுது' என்று சொல்லியிருந்தால் அது அவன் தானாகச் செய்த வேலை ஆகாது.

ஆராய்ச்சி உண்டு, அது இனிப்பாகவும் இல்லை. அமெரிக்காவில் மைக்கேல் ஜியான்கிரேகோவும் சக ஆய்வாளர்களும் 16 வகுப்பறைகளைக் கவனித்து 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உதவியாளர் குழந்தையை ஒட்டியே இருந்தால் வகுப்பாசிரியர் அந்தக் குழந்தையைத் தன் பொறுப்பாக நினைப்பதில்லை, சக மாணவர்கள் நெருங்குவதில்லை, குழந்தையோ பெரியவர் சொன்னால்தான் அசையும் பழக்கத்துக்கு வந்துவிடுகிறது. பிறகு 2003 முதல் 2008 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு குழுவினர் செய்த பெரிய ஆய்வில், உதவியாளரின் துணை அதிகம் கிடைத்த மாணவர்கள் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். சிரமம் அதிகமுள்ள பிள்ளைகளுக்குத்தானே துணையும் அதிகம், அதனால் இருக்கலாமே என்று தோன்றும். முந்தைய மதிப்பெண்ணையும் சிறப்புத் தேவையின் அளவையும் கணக்கில் எடுத்த பிறகும் முடிவு மாறவில்லை.

குற்றம் உதவியாளர்கள்மேல் இல்லை என்றுதான் அந்த ஆய்வாளர்களும் சொன்னார்கள். ஆசிரியரோடு பேச நேரம் ஒதுக்குவதில்லை. அன்றைய பாடம் என்ன என்பதே வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் உதவியாளருக்குத் தெரியும். அதனால் புரியவைப்பதைவிட வேலையை முடிக்க வைப்பதிலேயே அவர் கவனம் போகிறது. அதே இங்கிலாந்தில், பயிற்சி பெற்ற உதவியாளர்கள் திட்டமிட்ட பாடத்தைச் சிறு குழுவுக்கு நடத்தியபோது சுமார் நான்கு மாத அளவுக்குக் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. ஆகவே உங்கள் ஷேடோ டீச்சரை நிறுத்திவிட வேண்டாம். வேலை செய்யும் விதத்தை மாற்றச் சொல்லுங்கள்.

முதலில் இடம். உங்கள் மகனுக்கும் பக்கத்துப் பையனுக்கும் நடுவில் அவர் உட்காரக் கூடாது. பின்னால், ஐந்தாறு அடி தள்ளி இருக்கட்டும். ஆசிரியர் சொன்னதும் உடனே திருப்பிச் சொல்லாமல் மனதுக்குள் ஐந்து வரை எண்ணட்டும். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குக் கேட்டதை உள்வாங்க அந்த நேரம் தேவைப்படும். அதற்குள் இரண்டாவது முறை சொன்னால் முதலில் கேட்டதும் கலைந்துவிடும். அப்போதும் அவன் தொடங்கவில்லை என்றால் செய்யவேண்டியதைப் படமாகக் காட்டும், மேசையில் ஒட்டிய அட்டையை விரலால் காட்டலாம், அதுவும் போதாவிட்டால் வாயால் சொல்லலாம். கையைப் பிடித்து எழுதவைப்பது வேண்டாம். வாயால் சொல்லிச் சொல்லிப் பழக்கினால் பிறகு அதைக் குறைப்பதுதான் மிகவும் கஷ்டம். நம் ஊர்ப் பள்ளிகளில் நடப்பது பெரும்பாலும் அதுதான்.

ஒரு பீரியடுக்கு எத்தனை முறை தூண்ட வேண்டியிருந்தது என்று அவர் ஒரு தாளில் கோடு போட்டு வரட்டும். நோட்டைவிட அந்தத் தாள்தான் உங்களுக்கு முக்கியம். கணக்கு அவனுக்கு வரும் என்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்குங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து ஐந்து வேலையில் நான்கைத் தானாகத் தொடங்கினான் என்றால் கணக்குப் பீரியடில் அவர் வகுப்புக்கு வெளியே இருக்கலாம். அடுத்து இன்னொரு பாடம். மதிய உணவு நேரத்தில் முதல் நாளிலிருந்தே அவர் விலகியிருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு விருப்பமுள்ள இரண்டு மூன்று மாணவர்களைச் சேர்த்துவிடுவது பெரியவர் துணையைவிட நன்றாக வேலை செய்கிறது. ஒரே பையனின் தலையில் கட்டிவிடாதீர்கள், அலுத்துப்போவான்.

எழுந்து நடப்பதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுவதற்கு முன் என்ன நடந்தது, எழுந்த பின் என்ன கிடைத்தது என்று ஒரு வாரம் குறித்தால் காரணம் தெரியவரும். சத்தமாக இருக்கலாம், பத்துக் கணக்கை ஒரே பக்கத்தில் பார்த்த மலைப்பாகவும் இருக்கலாம். மூன்று மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். அவன் எழுவதற்கு முன்பே, நோட்டுகளை ஆசிரியர் மேசையில் வைத்துவிட்டு வா என்பதுபோல் நடக்கும் வேலை ஒன்றைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் நடக்க வாரத்துக்குப் பதினைந்து நிமிடமாவது வகுப்பாசிரியரும் உதவியாளரும் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்குப் பள்ளி ஒப்புக்கொள்ளாவிட்டால் மற்றவை வீண். பள்ளியில் சிறப்புக் கல்வியாளர் இருக்கிறாரா, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்றும் கேளுங்கள். தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்புக் கல்வியாளர் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது. ஷேடோ டீச்சர் அவருக்கு மாற்று அல்ல.

செலவு விஷயம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்க்கவும் தேவையான தனிப்பட்ட துணையைத் தரவும் அரசு முயல வேண்டும் என்கிறது. 'முயல வேண்டும்' என்ற அந்தச் சொல்லில்தான் பள்ளிகள் நழுவுகின்றன. கல்வி உரிமைச் சட்டமோ எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் பள்ளி எந்த வகை என்று பாருங்கள். 'ஷேடோ இல்லாவிட்டால் வரவேண்டாம்' என்பதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். தராவிட்டால், வாயால் சொன்னதை நீங்களே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவையுங்கள். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போக நேர்ந்தால் அது கையில் இருக்க வேண்டும்.

தமிழை நிறுத்தாதீர்கள். கனடாவில் இருமொழிச் சூழலில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றி 2012இல் வந்த ஆய்வில், அவர்களுக்கு அதனால் கூடுதல் மொழித் தாமதம் காணப்படவில்லை. வராத ஆங்கிலத்தை வலிந்து பேசும் வீட்டில் பேச்சே குறைந்துபோகும். தாத்தா பாட்டி வாயடைத்துப் போவார்கள். 'உதவி வேண்டும்', 'முடிந்தது', 'சத்தம் அதிகம்' ஆகிய மூன்றையும் மட்டும் பள்ளியில் புழங்கும் ஆங்கிலத்திலும் அட்டையாக எழுதி, வீட்டிலும் பழக்குங்கள். உதவியாளர் வெளியே நிற்கும் பீரியடில் அவன் ஆசிரியரிடம் நேராகக் காட்டுவதற்கு அவை வேண்டும்.