நீலச் சட்டைக்காரர்

கேள்வி: ரயில் நிலையப் படிக்கட்டில் முதியவர் ஒருவர் மயங்கி விழுந்தார். சுற்றிலும் இருபது பேர் நின்றோம். யாரும் அசையவில்லை, நானும்தான். நாங்கள் கல்நெஞ்சர்களா?

பதில்: இல்லை. இதை எழுதிக் கேட்கத் தோன்றியதே அதற்குச் சாட்சி. 1968-இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, ஒருவர் வலிப்பு வந்து திணறும் குரலை ஒலிக்கவிட்டார்கள். தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர், குரல் அடங்கும் முன்பே உதவி தேடி ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று எண்ணியவர்களிலோ 31 விழுக்காட்டினர்தான். ஓடாதவர்களும் அலட்சியமாக இருக்கவில்லை. பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. 'வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்ற நினைப்புதான் காலைக் கட்டிப்போடுகிறது.

நானே ஒருமுறை சைக்கிளிலிருந்து விழுந்து சாலையில் கிடந்தேன். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் செருப்புகள் மட்டுமே. "யாராவது தூக்குங்களேன்" என்று முனகினேன்; ஒரு செருப்பும் நகரவில்லை. "நீலச் சட்டை போட்டவரே, கை கொடுங்கள்" என்றேன். அவர் சட்டென்று மண்டியிட்டார். அடுத்த நொடியே தண்ணீர் வந்தது, குடை வந்தது!

அடுத்த முறை நீங்கள் முதலில் குனியுங்கள். ஒருவரைக் கைகாட்டி, ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். கழுத்தில் அடிபட்டிருக்கும் என்று தோன்றினால் தூக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.