ரெபூட்டியா என்றால் என்ன, அதன் பெயர் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

பொலிவியாவிலும் வடமேற்கு அர்ஜென்டினாவிலும், ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் பாறையிடுக்குகளில் வளரும் குட்டிக் கள்ளிகளின் பேரினம்தான் ரெபூட்டியா. பந்து மாதிரி சின்ன உடம்பு. பூக்கள் உச்சியில் வராமல், அடிப்பக்கத்தைச் சுற்றி வளையமாக வெடித்து வந்து செடியையே மூடிவிடும், அவ்வளவு அழகு!

1895-இல் ஜெர்மன் தாவரவியலாளர் கார்ல் ஷூமன் இந்தப் பேரினத்தை அமைத்தார். அப்புறம் வந்தவர்களில் சிலர் உருவம் ஒத்துப்போவதைப் பார்த்து நிறைய கள்ளிகளை இதற்குள் சேர்த்தார்கள், சிலர் பிரித்தார்கள். ஜாடை ஒத்திருக்கிறது என்பதற்காக இரண்டு பேரை உடன்பிறந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வோமே, அப்படித்தான் இதுவும். டிஎன்ஏ ஆய்வு வந்த பிறகு குட்டு வெளிப்பட்டது: பூக்குழாயின் வெளிப்புறம் மொழுமொழுவென்று இருப்பவை சல்கோரெபூட்டியா, வெயின்கார்ட்டியா என்ற வேறு கள்ளிப் பேரினங்களுக்கு நெருக்கம், முடியும் முள்மயிரும் உள்ளவை தனிக் கிளை. அதனால் முடியுள்ள இந்தக் கிளையை இப்போது பலர் அய்லோஸ்டெரா என்ற தனிப் பேரினமாகச் சொல்கிறார்கள். பூவைத் திருப்பி அந்தக் குழாயைப் பார்த்தாலே ஓரளவு பிடிபடும்.

கள்ளி என்றாலே பாலைவனம், வருடம் முழுக்கச் சூடு வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இது மலைச்செடி, குளிர்காலத்தில் தண்ணீர் இல்லாமல் குளுமையாக ஓய்வெடுத்தால்தான் வசந்தத்தில் நன்றாகப் பூக்கும்.