யு87-ஆ, சி800ஜி-ஆ?

கேள்வி: அண்ணா, வீட்டுல சின்ன ரூம்ல வச்சு பாட்டு ரெக்கார்ட் பண்றேன். நியூமன் யு87 மைக் வாங்கலாமா, இல்ல சோனி சி800ஜி மைக்குக்கு காசு சேர்க்கலாமா? என் குரல் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும்.
- வாசகர், கோவை

பதில்: தம்பி, குரல் கீச்சுன்னு இருக்கும்னு நீங்களே சொல்லிட்டீங்க, அதுலயே பாதி பதில் இருக்கு. சி800ஜி 1992-ல வந்த ட்யூப் மைக் (பழைய ரேடியோவுல இருக்குற மாதிரி கண்ணாடிக் குழாய் வச்சது), உள்ள இருக்குற ட்யூப் சூடாகாம இருக்க பின்னாடி பெரிய ஹீட் சிங்க்கே நீட்டிக்கிட்டு இருக்கும், சத்தம் அவ்ளோ சுத்தமா வரும், ஆனா மேல் ஸ்தாயில நல்லா பளிச்சுன்னு தூக்கிக் காட்டும், அதனால "ச", "ஸ" வர்ற இடமெல்லாம் உங்க குரல்ல காதைக் குத்தும். ராப் பாடுறவங்களும் ஆர் அண்ட் பி பாடுறவங்களும் அதைத் தேடிப் போறது அந்தப் பளபளப்புக்காகத்தான்.

யு87 1967-லேருந்து இருக்கு, இப்ப கிடைக்கிறது 1986-ல வந்த "யு87 ஏஐ"-ங்கிற மாடல் (இந்த ஏஐ வெறும் மாடல் பேருதான், செயற்கை நுண்ணறிவு இல்ல). நடு ஸ்தாயி முன்னாடி வந்து நிக்கும், சொல்லு ஒவ்வொண்ணும் தெளிவா கேக்கும், விலையும் சோனியை விட ரொம்பக் கம்மி. என் ஓட்டு இதுக்குத்தான். கார்டியாய்டுல (முக்கியமா முன்னாடி வர்ற சத்தத்தைப் பிடிக்கிற செட்டிங்) வச்சு, பாப் ஃபில்டர் ("ப" சொல்றப்ப அடிக்கிற காத்தைத் தடுக்கிற வலை) போட்டு, ஒரு சாண் தள்ளி நின்னு பாடுங்க, ரொம்ப ஒட்டி நின்னா அடிக்குரல் ஊதிப் பெருசாகிடும்.

ஆனா ஒண்ணு, ரெண்டுமே கண்டென்சர், அதாவது சின்ன சத்தத்தையும் பிடிக்கிற மைக் வகை, வெறுஞ்சுவர்ல மோதித் திரும்பி வர்ற எதிரொலியையும் விடாம பிடிச்சிரும். முதல்ல ரூமைச் சரி பண்ணுங்க தம்பி, வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டையும் வாடகைக்கு எடுத்து ஒரே பாட்டைப் பாடிப் பாருங்க.