பழைய எஸ்டிகேயா, புதுசா? சுங்கை சிப்புட் பட்டறையிலிருந்து சில பதில்கள்

என் மின்னணுப் பட்டறைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரில் வருகிறவர்கள் ஒரு பக்கம், கேள்வியை மட்டும் அனுப்புகிறவர்கள் இன்னொரு பக்கம். இந்த முறை சேர்ந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைச் சுற்றியே வந்தன: கையில் இருக்கும் எஸ்டிகேயிலேயே காலத்தை ஓட்டலாமா, புதியதற்கு மாறணுமா? எஸ்டிகே என்பது சிப் செய்கிறவன் நமக்குத் தரும் மூட்டை. டிரைவர், லைப்ரரி, கம்பைலர் கருவிகள், மாதிரி நிரல் எல்லாம் அதில் இருக்கும். மூட்டை எவ்வளவு பழசு என்று நான் முதலில் பார்ப்பதில்லை. சாதனம் யாரோடு பேசுகிறது, கெட்டுப்போனால் அங்கே யார் போய்ச் சேரணும் என்பதைத்தான் பார்ப்பேன்.

கேள்வி: லிந்தாங் பக்கம் ஒரு தோட்டத்தில் வயர்மேனாக இருக்கிறேன். செம்பனை நாற்றங்காலில் தண்ணீர் பம்புகளை இயக்க 40 இஎஸ்பி32 போர்டுகள் போட்டிருக்கிறோம். எல்லாம் 2022-இல் ஐடிஎஃப் (அந்தச் சிப்புக்கான எஸ்டிகே) 4.4-இல் எழுதியவை. இதுவரை ஒரு குறையும் இல்லை. கிராணியின் மகன் 5-க்கு மாறச் சொல்கிறான். ஓடுகிற பம்பை எதற்கு நோண்டணும்?

பதில்: அண்ணே, பம்ப் ஓடுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் போர்டுகள் வைஃபை வழியாக வெளியே ஒரு சர்வருக்குத் தகவல் அனுப்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் அந்தப் பையன் சொல்வதுதான் சரி. ஐடிஎஃப்பின் பெரிய, சிறிய வெளியீடு ஒவ்வொன்றுக்கும் சிப் செய்கிற எஸ்பிரெசிஃப் நிறுவனம் 30 மாத ஆதரவு தருகிறது. 4.4 வந்தது 2022 ஜனவரியில், ஆதரவு முடிந்தது 2024 ஜூலையில். அதற்குப் பிறகு வைஃபையிலோ புளூடூத்திலோ தகவலைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ்ஸிலோ ஓட்டை கண்டுபிடித்தாலும் 4.4-க்கு ஒட்டுப்போட யாரும் வரமாட்டார்கள். இது வெறும் பூச்சாண்டி இல்லை. 2021-இல் பக்கத்து வீடான சிங்கப்பூரின் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'பிரேக்டூத்' என்று பெயரிட்டு வெளியிட்ட புளூடூத் ஓட்டைகளில் இஎஸ்பி32-உம் மாட்டியது. ஆதரவில் இருந்த வெர்ஷன்களுக்குத் திருத்தம் வந்தது.

மாறும்போது எங்கெங்கே வலிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிரலைக் கட்டும் பழைய 'மேக்' முறை 5-இல் கிடையாது, சிமேக் மட்டும்தான். அடுத்து, 32 பிட் முழு எண் வகை உள்ளுக்குள் 'லாங்' ஆகிவிட்டது. நீங்கள் பிரிண்ட்எஃப்பில் '%d' போட்டு எழுதிய பல வரிகள் கம்பைல் ஆகாமல் சிவப்பாக நிற்கும். பயப்பட வேண்டாம், அது ஒரு மத்தியான வேலை. மூன்றாவதுதான் நிஜமான பொறி. மின்னழுத்தம் அளக்கும் ஏடிசி, சென்சாரோடு பேசும் ஐ2சி இரண்டின் டிரைவர்களையும் புதிதாக எழுதியிருக்கிறார்கள், பழையதும் கூடவே இருக்கிறது. உங்கள் நிரல் புதிய ஐ2சியைப் பிடித்துக்கொண்டு, எங்கிருந்தோ எடுத்த சென்சார் லைப்ரரி பழைய ஐ2சியைப் பிடித்தால், கம்பைல் ஒழுங்காக முடியும். மின்சாரம் கொடுத்ததும் 'கான்ஃபிளிக்ட்' என்று ஒரே ஒரு வரி, உடனே ரீசெட், மறுபடியும் அதே வரி. ஒரே வீட்டில் இரண்டு மாமியார் மாதிரி. ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

நான் பட்டதையும் சொல்கிறேன். ஒரு தோட்டத்தில் மேட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஆறு சாதனங்கள், ஐடிஎஃப் 3.3-இல் செய்தவை. ஒரே தாவலில் 5-க்குக் கொண்டுபோனேன். பட்டறையில் இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தேன், தங்கமாக ஓடியது. இரவு பத்து மணிக்கு ஓடிஏவில் (கேபிள் இல்லாமல் காற்று வழிப் புதுப்பிப்பு) தள்ளிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் ஆறும் ஊமை. விஷயம் என்னவென்றால், புதிய ஐடிஎஃப்பில் பாஸ்வேர்டு கொடுத்தால் வைஃபை பாதுகாப்பு முறை குறைந்தபட்சம் டபிள்யூபிஏ2 வேண்டும் என்று அதுவே முடிவு செய்துகொள்கிறது. பட்டறை ரவுட்டர் டபிள்யூபிஏ2. மேட்டில் இருந்ததோ பழைய டபிள்யூபிஏ மட்டும் தெரிந்த ரவுட்டர். அந்த எச்சரிக்கை வரி லாக்கில் வந்திருந்தது, படிக்காதது என் தப்பு. லேப்டாப்பை நெகிழிப் பையில் சுற்றி மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனேன். முதல் பெட்டியைத் திறந்தால் ரெகுலேட்டர் மேல் இரண்டு பல்லி முட்டை, யுஎஸ்பி துளைக்குள் எறும்புக் கூடு. குச்சியால் நோண்டி எறும்பைத் தட்டிவிட்டுத்தான் கேபிளையே சொருக முடிந்தது.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். பூட்லோடரில் (மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் சின்ன நிரல்) 'ரோல்பேக்' வசதியை இயக்கி வையுங்கள். புதிய ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் நிரல்) வைஃபையைப் பிடித்து சர்வரோடு ஒருமுறை பேசிய பிறகே "நான் நலம்" என்று குறிக்கும்படி எழுதுங்கள். பேச முடியாவிட்டால் கொஞ்ச நேரம் காத்திருந்து தானே ரீசெட் ஆகட்டும், பழைய ஃபர்ம்வேர் திரும்ப வந்துவிடும். ஒரு சிக்கல் என்னவென்றால், சாதாரணமாக ஓடிஏ பூட்லோடரைத் தொடுவதில்லை. 2022-இல் அந்த வசதியைப் போடாமல் அனுப்பியிருந்தால் இந்த ஒரு தடவை மட்டும் 40 போர்டுக்கும் கேபிளோடு நடந்தே ஆகணும். ஃபிளாஷ் நினைவகத்தைப் பிரித்திருக்கும் பார்டிஷன் அளவையும் அப்போதே பாருங்கள். ஐடிஎஃப் தரும் ஆயத்த இரட்டை ஓடிஏ அட்டவணையில் ஒவ்வொரு அறையும் 1 எம்பிதான். புதிய எஸ்டிகேயில் டிஎல்எஸ்ஸோடு புளூடூத்தும் சேர்ந்தால் அது சீக்கிரம் நிரம்பிவிடும். முதலில் ஒன்றை மாற்றி ஒரு வாரம் விடுங்கள், பிறகு ஐந்து, அப்புறம் மீதி. நடு மழைக்காலத்தில் ஆரம்பிக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் செம்பனை ஆலையில் கொதிகலன் அருகே வெப்பம் காட்டும் பெட்டி ஒன்று. எஸ்டிஎம்32 எஃப்103 சிப், பழைய ஸ்டாண்டர்ட் பெரிஃபெரல் லைப்ரரியில் 2013-இல் யாரோ எழுதியது. புதிதாக வந்த இன்ஜினியர் முழுவதையும் புதிய 'ஹால்' லைப்ரரி முறைக்கு மாற்றச் சொல்கிறார்.

பதில்: வேண்டாம் ஐயா. இணையம் இல்லை, புளூடூத் இல்லை, ஒரு திரையும் ஒரு ரிலேவும் மட்டும். சிப் செய்கிற எஸ்டி நிறுவனம் 2014-இல் ஹால் அடங்கிய கியூப் மூட்டையைக் கொண்டுவந்த பிறகு அந்தப் பழைய லைப்ரரி வளரவில்லை என்பது உண்மைதான். எஃப்7 போன்ற பின்னால் வந்த குடும்பங்களுக்கு அது கிடையவே கிடையாது. ஆனால் உங்கள் சிப் மாறவில்லையே! எஃப்103சி8-இல் இருப்பது 64 கேபி ஃபிளாஷ், 20 கேபி ரேம். அதில் ஹால் கொண்டுவந்தால் இடமும் போகும், பத்து வருடமாக நிரூபணமான நடத்தையும் போகும். அந்த ரிலே கொதிகலனின் பாதுகாப்புத் துண்டிப்போடு சேர்ந்திருந்தால் இன்னும் கவனம். ஜேகேகேபி (தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) சான்றிதழ் சம்பந்தப்பட்ட அமைப்பில், நிரல் அழகாக இல்லை என்பதற்காகக் கைவைக்கக் கூடாது.

செய்ய வேண்டியது வேறொன்று. அந்த நிரலைக் கம்பைல் செய்த கம்பைலர், லைப்ரரி ஜிப், ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஒருமுறை வெறும் கணினியில் நிறுவி, அதே பைனரி கிடைக்கிறதா என்று சோதியுங்கள். உதிரி போர்டு வாங்கும்போது மலிவாக வருகிற நீல போர்டுகள் பலவற்றில் வேறு நிறுவனத்தின் நகல் சிப் இருக்கும். சிப்பில் நிரல் ஏற்றும் எஸ்டி-லிங்க் கருவியைச் சொருகினால் பெரும்பாலும் அடையாள எண் வேறாகக் காட்டும், அதைப் பார்த்து வாங்குங்கள். பெட்டியையே புதிதாக வடிவமைக்கும் நாள் வந்தால் அப்போது இன்ஜினியர் சொல்வது சரி, புதிய சிப், புதிய எஸ்டிகே.

கேள்வி: அண்ணா, ஆர்டுயினோவில் விசிறி வேகம் கட்டுப்படுத்தும் நிரல் போன மாதம் வரை கம்பைல் ஆச்சு. இப்போது வேகத்துக்கான 'லெட்சி செட்அப்' கட்டளை தெரியாது என்கிறது. நான் ஒன்றும் தொடவில்லை!

பதில்: தொட்டிருக்கிறாய் தம்பி. 'அப்டேட்' என்று பெட்டி வந்ததும் சரி என்று அமுக்கியிருப்பாய். இஎஸ்பி32-க்கான ஆர்டுயினோ மூட்டைக்கு 'கோர்' என்று பெயர். கோர் 2, ஐடிஎஃப் 4.4 மேல் நின்றது. 2024-இல் வந்த கோர் 3, ஐடிஎஃப் 5 மேல் நிற்கிறது. அதில் 'செட்அப்', 'அட்டாச்பின்' இரண்டும் போய் 'லெட்சி அட்டாச்' என்று ஒன்றாகிவிட்டது. அதைத் திருத்திவிட்டு நிம்மதியாக உட்காராதே. 'லெட்சி ரைட்' பெயர் மாறவில்லை, ஆனால் முன்பு முதல் எண் சேனல், இப்போது அது சிப்பின் கால் (பின்) எண். கம்பைலர் பிழையே காட்டாது, விசிறி மட்டும் சுற்றாது. அவசரம் என்றால் போர்டு மேனேஜரில் 2-ஐத் திரும்பப் போட்டு வேலையை முடி. பிளாட்ஃபார்ம்ஐஓ பயன்படுத்தினால் பிளாட்ஃபார்ம் பெயரோடு வெர்ஷன் எண்ணையும் எழுது. எண் இல்லாமல் விடுவது, மளிகைக் கடையில் "ஏதாவது அரிசி கொடுங்க" என்று கேட்பது போல.

கேள்வி: ஆட்டுப் பண்ணைக்குக் காதில் மாட்டும் புளூடூத் டேக் செய்கிறோம். என்ஆர்எஃப்52832 சிப், நோர்டிக்கின் பழைய என்ஆர்எஃப்5 எஸ்டிகே. 200 டேக் விற்றாயிற்று. அடுத்த மாடலுக்கு என்ஆர்எஃப் கனெக்ட் எஸ்டிகேக்குப் போகணுமா? பார்த்தாலே தலை சுற்றுகிறது. (தாப்பா)

பதில்: விற்ற 200-ஐத் தொடாதீர்கள். பழையதன் பூட்லோடரும் ஃபிளாஷ் பங்கீடும் வேறு, புதியது எம்சியுபூட் என்ற பூட்லோடரை வைத்து நடக்கிறது. ஆடு மேயும்போது காற்றிலேயே இதை அதுவாக மாற்றிவிடலாம் என்று திட்டம் போட வேண்டாம். அடுத்த மாடலுக்குப் புதியதுதான். பழைய எஸ்டிகே 17.1.0-ஓடு 2021-இல் நின்றுவிட்டது, இனி பராமரிப்பு மட்டும் என்று நோர்டிக்கே சொல்லிவிட்டது. என்ஆர்எஃப்54 வரிசைச் சிப்புகளுக்குப் பழையதில் இடமே இல்லை.

தலை சுற்றுவது நியாயம். பழையதில் விளக்கு எந்தப் பின்னில் என்று ஒரு ஹெடர் ஃபைலில் ஒரு வரி எழுதினால் முடிந்தது. புதியது செஃபிர் என்ற இயங்குதளத்தின் மேல் கட்டியது. பின் எண் டிவைஸ்ட்ரீயில் (வன்பொருள் விவரப் பட்டியல்), அதுவும் உங்கள் போர்டுக்கான 'ஓவர்லே' ஃபைலில். டிரைவரை இயக்குவது கேகான்ஃபிக்கில் (வசதிகளைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு). இரண்டில் ஒன்றை மறந்தால் வரும் பிழைச் செய்தி கூட்ஸ் ரயில் போல நீளும், அதில் விளக்கு என்ற சொல்லே இருக்காது. முதல் இரண்டு வாரம் பழைய எஸ்டிகேயை நினைத்து அழுவீர்கள், நானும் அழுதேன். பிறகு போர்டு மாற்றினால் ஓவர்லேயை மட்டும் மாற்றினால் போதும் என்பது புரியும்போது கோபம் தணியும். ஒரு எச்சரிக்கை: காசு மிச்சம் பிடிக்க 52810-க்கு இறங்காதீர்கள். 52832-இல் 512 கேபி ஃபிளாஷ், 64 கேபி ரேம். 52810-இல் 192-உம் 24-உம்தான். புதிய எஸ்டிகேயோடு ஓடிஏவும் அதில் வேண்டுமென்றால் நெருக்கியடித்து உட்காரணும்.

கேள்வி: தமிழ்ப்பள்ளி அறிவியல் மன்றத்துக்கு இஎஸ்பி8266 போர்டுகள் 15 கிடைத்தன. பழைய நான்-ஓஎஸ் எஸ்டிகே புத்தகம் ஒன்றும் கூடவே வந்தது. அதை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர். 2019 டிசம்பரோடு அதில் புதிய வசதி சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள், மோசமான பிழைகளை மட்டும் திருத்துவோம் என்று அறிவித்தார்கள். பிள்ளைகளுக்கு ஆர்டுயினோ கோர் போதும். போர்டுகள் வீணாகாது.

கேள்வி: வாய்க்கால் நீர்மட்டச் சாதனம் எஸ்எம்எஸ் அனுப்புவதில்லை. 3ஜி மோடம். எஸ்டிகே புதுப்பித்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. மலேசியாவில் 2021 முடிவோடு 3ஜி மூடப்பட்டது. மென்பொருளில் தேட வேண்டாம், மோடத்தை 4ஜிக்கு மாற்றுங்கள். அப்போது மோடத்துக்கான ஏடி கட்டளைகளில் சில மாறும், அந்தப் பகுதி நிரலை மட்டும் திருத்தினால் போதும்.

கேள்வி: ஈப்போவில் டிப்ளோமா படிக்கிறேன். அப்பா அம்மா இருவரும் தோட்டத்தில். பினாங்கில் வேலைக்குப் போகணும். எந்த எஸ்டிகே படித்தால் எடுப்பார்கள்?

பதில்: தங்கச்சி, பாயான் லெப்பாஸ் பக்கம் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு சிப் வைத்திருக்கும். ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்து பலனில்லை. எல்லாரும் சொல்கிறார்கள் என்று செஃபிரில் ஆரம்பிக்காதே. டேட்டாஷீட்டைத் திறந்து ரெஜிஸ்டரில் நேராக எழுதி ஒரு விளக்கை எரிய வை. பிறகு ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சின்ன இயங்குதளம், அது ஐடிஎஃப்புக்குள்ளேயே இருக்கிறது, தனியாகத் தேட வேண்டாம். டாஸ்க், கியூ, மியூடெக்ஸ் மூன்றும் கைக்கு வந்த பிறகு செஃபிர் 3.7-ஐ எடு. 2024-இல் வந்த நீண்டகால ஆதரவு வெளியீடு அது, அடிக்கடி மாறி உன்னைக் குழப்பாது.

இன்னொன்று, இதைப் பாடத்திட்டத்தில் யாரும் வைப்பதில்லை. 4.4-இல் எழுதிய யாருடைய ப்ராஜெக்டையாவது எடுத்து 5-க்கு மாற்றிப் பார். எந்த வரியில் நின்றாய், என்ன பிழை வந்தது, எத்தனை மணி நேரம் போனது என்று நோட்டில் எழுதிக்கொண்டே வா. அங்கே வேலையில் சேர்ந்தாலும் முதல் ஆறு மாதம் யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன நிரலோடுதான் மல்லுக்கட்டப் போகிறாய். நேர்முகத்துக்கு அந்த நோட்டையும் கொண்டுபோ. சனிக்கிழமை மத்தியானம் பட்டறையில்தான் இருப்பேன். மேட்டுத் தொட்டியிலிருந்து கழற்றிய பழைய போர்டு இரண்டு கிடக்கின்றன, எறும்பைத் தட்டிவிட்டுத் தருகிறேன்.