நைனா சொன்ன ‘ம்’முக்கு இன்னா அர்த்தம்?

கேள்வி: “அக்கா, எனக்கு 28 வயசு. ஆரணி பக்கத்துல கிராமம். வேலூர் முத்துரங்கம் காலேஜ்ல பி.எஸ்சி. கணக்கு, அப்புறம் எம்.சி.ஏ. இப்ப ஒரு பெங்களூர் கம்பெனில புரோகிராமர், ரெண்டு வருஷமா வீட்லேர்ந்தே வேலை. கோடிங் தவிர எனக்கு நெறைய இன்ட்ரஸ்ட் உண்டு. மெக்கானிக்கல் கீபோர்டு நானே அசெம்பிள் பண்ணுவேன், அந்த டக் டக் சத்தத்துக்காகவே ப்ளூ ஸ்விட்ச் தான் போடுவேன். 6 இன்ச் டெலஸ்கோப் வச்சிருக்கேன், காவலூர் வரைக்கும் பைக்ல போயி அப்சர்வேட்டரி பாத்துட்டு வந்தேன். ஆன்லைன் செஸ் ஆடுவேன். பழைய கம்ப்யூட்டர் ஹிஸ்டரின்னா உயிரு, அந்தக் காலத்துல கம்ப்யூட்டருக்கு தகவல் குடுக்க ஓட்டை போட்ட அட்டை, ஒரு ஒரிஜினல் பஞ்ச் கார்டு, வெளிநாட்லேர்ந்து வரவழச்சு பிரேம் போட்டு மாட்டிருக்கேன். வீட்ல யாருக்கும் இதெல்லாம் புரியல. அம்மா துட்ட கரியாக்குறன்னு திட்டுறாங்க. நைனா பட்டு நெசவு, கண்ணு சரியா தெரியலன்னு நிறுத்திட்டாரு. தறிய பிரிச்சு மாடில தார்ப்பாய் போட்டு வச்சுட்டு, குழிய மூடி டைல்ஸ் ஒட்டி அந்த ரூம்ல தான் என் செட்டப். கேட்டதுக்கு ‘ம்’ன்னாரு. அவரு எப்பவும் திண்ணைல தான் இருப்பாரு, பேச மாட்டாரு. இப்ப எனக்கு எதுலயும் மனசு ஒட்டல. ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆன்லைன் டேட்டா சயின்ஸ்ல சேரலாமா? இல்ல ஒரே ஒரு ஹாபிய சீரியசா எடுத்துக்கலாமா? வீட்ல எப்படி புரிய வைக்கிறது?”

பதில்:

தம்பி, உனக்கு 28, எனக்கு அறுபது நெருங்குது, அதனால நீன்னே சொல்றேன். மேல நான் சுருக்கி தான் போட்டிருக்கேன், நீ அனுப்புன முழு லெட்டர்ல கீபோர்டுக்கு மட்டும் ஒரு பக்கம், டெலஸ்கோப்புக்கு ஒரு பக்கம். நைனாவுக்கு நாலஞ்சு வரி. ஐடி பசங்க கிட்டேர்ந்து மனசு ஒட்டலன்னு எனக்கு மாசா மாசம் லெட்டர் வருது, உன் வயசுல இது சகஜம், ரெண்டு நாள் லீவு போட்டு ரெஸ்ட் எடுன்னு யார் வேணும்னாலும் சொல்லுவாங்க, அத அவங்க கிட்டயே கேட்டுக்கோ. நான் அந்த நாலஞ்சு வரிய விட்டு நகர மாட்டேன்.

‘கேட்டதுக்கு ம்ன்னாரு.’ எப்ப கேட்ட? எப்படி கேட்ட? பக்கத்துல உக்காந்து, நைனா, எனக்கு ஒரு ரூம் வேணும், தறி இருக்குற எடம் தான் தோதா இருக்குது, உனக்கு மனசுக்கு சரியான்னு கேட்டியா, இல்ல டைல்ஸ் கடைல அட்வான்ஸ் குடுத்துட்டு வந்து வாசப்படில நின்னுகிட்டே கேட்டியா? நம்ம பக்கத்து ஆம்பளைங்கள எனக்கு நல்லா தெரியும். பிடிச்சிருந்தா அவங்க ‘ம்’ன்னு சொல்ல மாட்டாங்க, எத்தன அடி, எந்த கலர் டைல்ஸ், மேஸ்திரி எவ்ளோ கேக்குறான்னு பத்து கேள்வி கேப்பாங்க. வெறும் ‘ம்’ன்னா, புள்ள சம்பாதிக்கிறான், புள்ள கேட்டுட்டான், இனிமே நான் சொல்றதுக்கு இன்னா இருக்குதுன்னு அர்த்தம். அத நீ சம்மதம்னு எடுத்துகிட்டு சிமெண்ட் கொட்டிட்ட.

குழித்தறின்னா இன்னான்னு உனக்குத் தெரியும், உன் கூட வேலை செய்யுறவங்களுக்கு தெரியாது. தரைல பள்ளம் வெட்டி, அதுக்குள்ள கால விட்டு உக்காந்து மிதிப் பலகைய மிதிக்கணும். காலைல எறங்குனா சோத்துக்கு தான் ஏறுவாங்க. மழைக்காலத்துல குழில ஈரம் ஊறி காலெல்லாம் வெளுத்துப் போயிடும், எங்கப்பாவுக்கு பார்த்திருக்கேன். நீ இப்ப சக்கரம் வச்ச சேர உருட்டுறியே, அந்த டைல்ஸுக்கு கீழ தான் உங்க நைனா தன் ஆயுச எறக்கி வச்சிருக்காரு. உன் எம்.சி.ஏ. பீஸு அந்தக் குழிலேர்ந்து தான் ஏறி வந்துச்சு.

இப்ப அந்த பஞ்ச் கார்டுக்கு வரேன், அத படிச்சப்ப தான் எனக்கு நெஜமாவே கோவம் வந்துச்சு. கம்ப்யூட்டர் ஹிஸ்டரி உயிருன்னு சொல்ற. அப்ப 1804ல பிரான்ஸ்ல ஜக்கார்டுன்றவரு பட்டுத் தறிக்கு மேல ஒரு பெட்டிய மாட்டி, ஓட்டை போட்ட அட்டையால பூ போட வச்சது உனக்குத் தெரியாம இருக்காது. கம்ப்யூட்டருக்கு முன்னோடியா ஒரு கணக்கு மெஷின யோசிச்ச இங்கிலாந்துக்காரர் பாபேஜ், தன்னோட மெஷினுக்கு அட்டை வைக்கலாம்ன்ற யோசனைய அங்கேர்ந்து தான் எடுத்தாரு, 24,000 அட்டை வச்சு பட்டுல நெய்ஞ்ச ஜக்கார்டோட படத்த வீட்லயே வச்சிருந்தாரு. அதுக்கப்புறம் தான் 1890ல அமெரிக்கா சென்சஸ் கணக்கு எடுக்க ஹோலரித்ன்றவரோட கார்டு, அதுக்கும் பின்னால தான் நீ பிரேம் போட்டிருக்குற மாதிரி கார்டெல்லாம். உன் தொழிலுக்கு பாட்டன் முப்பாட்டன் அந்த பெட்டி தான்பா, அத ஓட்டத் தெரிஞ்ச மனுஷன் உன் வீட்டுத் திண்ணைல உக்காந்துருக்காரு. எங்கயோ யாரோ உபயோகிச்சுப் போட்ட கார்டு ஏசி ரூம்ல கண்ணாடிக்குள்ள இருக்குது, உங்க நைனா கரைக்கும் முந்திக்கும் போட்ட அட்டைங்க மாடில தார்ப்பாய்க்கு கீழ நனையுது.

வீட்ல யாருக்கும் புரியலன்னு எழுதுறியே, நீ அவர கூப்பிட்டு அந்த பிரேம காட்டுனியா? அவரு பார்த்த உடனே கேட்டிருப்பாரு, இது எத்தனாவது அட்டைன்னு.

நான் பொறந்ததும் ஆரணி பக்கம் ஒரு தறி வீடு தான். ஒரு தடவ முந்தில அன்னப்பட்சி ஓடிகிட்டு இருந்துச்சு, எனக்கு பத்து பதினோரு வயசு இருக்கும், ஊடை நூலுக்கு தார் சுத்திகிட்டு இருந்தேன். அப்பா டக்குன்னு மிதிய நிறுத்திட்டாரு. எங்க யாருக்கும் ஒண்ணும் தெரியல, அவரு மட்டும் விரல வச்சு தடவிப் பார்த்துட்டு, மூக்குல ஒரு புள்ளி ஜாஸ்தின்னாரு. எல்லா அன்னத்துக்கும் அதே எடத்துல. அப்ப தப்பு கைல இல்ல, இழைல இல்ல, அட்டைல இருக்குது. ஓட்டை இருந்தா கொக்கி மேல ஏறும், அந்த இழையும் கூட ஏறும், ஓட்டை இல்லன்னா கீழயே நிக்கும், அவ்ளோ தான் கணக்கு, உன் கம்ப்யூட்டரோட ஒண்ணும் சைபரும் மாதிரி. அப்புறம் ஒவ்வொரு அட்டையா பல்புக்கு நேரா புடிச்சுப் பார்த்தாரு, ஓட்டை வழியா வெளிச்சம் அவரு மூஞ்சில புள்ளி புள்ளியா விழுந்துச்சு. ஒண்ணுல வேண்டாத ஓட்டை இருந்துச்சு. அம்மா கிட்ட ரெண்டு சோத்துப் பருக்கை வாங்கி நசுக்கி, பழைய காலண்டர் தாள கிழிச்சு அதுமேல ஒட்டுனாரு. நெய்ஞ்சதுல ஒரு சாண் பிரிச்சுட்டு மறுபடி ஆரம்பிச்சாரு. ரொம்ப வருஷம் கழிச்சு தான் எனக்குத் தெரிஞ்சுது, நீங்க சாஃப்ட்வேர்ல தப்ப சரி பண்ணிட்டு பேட்ச் போட்டேன்னு சொல்றதே அந்தக் காலத்துல கார்டுலயும் பேப்பர் டேப்புலயும் தப்பான ஓட்டைய இப்படி ஒட்டு போட்டு மூடுனதுலேர்ந்து வந்த பேச்சுன்னு. எங்கப்பா ஆறாங்கிளாஸ். அவருக்கு நான் அத சொல்றதுக்குள்ள அவரு போய்ட்டாரு.

உனக்கு அந்த நெலம இல்ல, அதனால தான் கத்துறேன்.

கண்ணு சரியா தெரியலன்னு எழுதிருக்கியே, அத யாரு பார்த்து சொன்னது? புரையா, சக்கரையா, இல்ல வெறும் கண்ணாடி பவரா? ஒரு ஆஸ்பத்திரி பேரும் உன் லெட்டர்ல இல்ல, ஆனா உன் டெலஸ்கோப்புல எந்த ஐபீஸ் போட்டா சனியோட வளையம் தெளிவா தெரியுதுன்னு மட்டும் வெவரமா இருக்குது. ஜவ்வாது மலை ஏறி காவலூர்ல 2.34 மீட்டர் டெலஸ்கோப்ப பாத்துட்டு வர உனக்கு நேரம் இருந்துச்சு. வேலூர்ல ஆரணி ரோட்டுலயே ஷெல் கண் ஆஸ்பத்திரி இருக்குது, பஸ் ஏறுனா போயிடலாம். புரைன்னா ஆபரேஷன் பண்ணா பெரும்பாலும் பார்வை திரும்பிடும், இது ஊருக்கே தெரிஞ்ச விஷயம். தொழில விடுறதுக்கு அவரு சொன்ன காரணத்த நீ சரிபாக்கக் கூட இல்ல, ஏன்னா உனக்கு ரூம் தேவைப்பட்டுச்சு. கேக்க கஷ்டமா இருக்கும், ஆனா அதான் நடந்துருக்குது. பெத்தவங்க ஒடம்ப கவனிக்கிறது புள்ளைங்களுக்கு கடமைன்னு நான் நம்புறேன், ஹாபியோட சேர்த்து நேரம் கெடச்சா பாத்துக்குற வேலை இல்ல அது. இந்த வாரமே கூட்டிட்டு போ, லீவு போடு, அம்மாவ அனுப்பி வைக்காத, நீயே போ.

நீ தறில உக்காரணும்னு நான் சொல்லல. அப்படி சொன்னா உங்க நைனாவே என்ன அடிக்க வருவாரு, புள்ள குழில எறங்கக் கூடாதுன்னு தானே படிக்க வச்சாரு. டைல்ஸ ஒடைக்கவும் சொல்லல. இப்ப நெறைய எடத்துல அட்டைக்கு பதிலா எலக்ட்ரானிக் ஜக்கார்டே வந்துடுச்சு, காலம் போற போக்க நான் மறுக்கல. ஆனா ஒரு மனுஷன் கிட்டேர்ந்து தொழிலும் போயி, அந்த எடமும் போயி, இப்ப திண்ணைல உக்காந்து, தன்னோட தறி சத்தம் வந்த ரூம்லேர்ந்து உன் கீபோர்டு டக் டக்க கேட்டுகிட்டு இருக்காரு. அவரு பேச மாட்டாருன்னு எழுதுற. அவரு கிட்ட பேசுறதுக்கு நீ இன்னா வச்சிருக்க?

ஐ.ஐ.டி. கோர்ஸ் நல்ல படிப்பு தான், டேட்டா சயின்ஸ் பாடம் வேணும்னா தாராளமா சேரு, மனசு ஒட்டலன்னு சேராத. ஒட்டாத மனசு அங்கயும் கூடவே வரும், ரெண்டு பரீட்சைக்கு அப்புறம் நின்னுடுவ. எந்த ஹாபிய வச்சுக்கிறதுன்றது எனக்கு முக்கியமாவே படல. செஸ் ஆடு, ஆடாம போ. அம்மா துட்ட பத்தி திட்டுறதையும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், பட்டுக் கூலிய எண்ணி எண்ணி குடும்பம் நடத்துன கை அது, ஒரு கீபோர்டோட வெலைய கேட்டா பதறத்தான் செய்யும். அவங்களுக்குப் புரிய வைக்கிறது எப்படின்னு கேக்குறத இதோட நிறுத்து.

ஞாயித்துக்கிழமை காலைல, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மாடிக்கு போ. தார்ப்பாய எடு. எலி கடிச்சிருக்கும், சில அட்டை நெளிஞ்சிருக்கும், கோர்த்த கயிறு இத்துப் போயிருக்கும். தூக்குறப்ப கயிறு அறுந்து அட்டைங்க கலைஞ்சுதுன்னா நீயா வரிசை போடாத, போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாத. அப்படியே ஒரு மொறத்துல அள்ளிகிட்டு எறங்கி வந்து திண்ணைல அவருக்குப் பக்கத்துல உக்காரு. கண்ணு தெரியலன்னாலும் பரவால்ல, அவரு ஓட்டைய விரலாலயே தடவிப் பார்ப்பாரு. எது மொதல் அட்டைன்னு கேளு. அன்னைக்கு லேப்டாப் மூடியே இருக்கட்டும், முழு செட்டும் கோர்த்து முடிக்க சாயந்திரம் ஆயிடும்.