மாமனார் வீட்டு சர்வருக்குள் ஜோபர்க்கிலிருந்து போவது எப்படி?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் என் மாமனார் வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு சர்வராக வைத்திருக்கிறேன். குடும்பப் படங்கள், கோயில் காவடி வீடியோக்கள், மாமனாரின் கேசட்டுகளிலிருந்து மாற்றிய பாட்டுகள் எல்லாம் அதில்தான். வேலை எனக்கு ஜோகன்னஸ்பர்க்கில். ரவுட்டரில் போர்ட் ஃபார்வார்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை சர்வருக்குத் திருப்பிவிடும் அமைப்பு) போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் இங்கிருந்து ஒருநாள்கூட உள்ளே நுழைய முடியவில்லை. நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி) வேண்டுமானால் மாதாமாதம் தனிக் கட்டணமாம். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. அந்தக் கட்டணமும் வேண்டாம், போர்ட் ஃபார்வார்டிங்கும் வேண்டாம்.

முதலில் ஒரு சோதனை. ரவுட்டரின் நிலவரப் பக்கத்தில் 'வான் ஐபி' (WAN IP) என்று ஓர் எண் இருக்கும், சேவை நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி. அதை மாமனாரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். 100.64-இலிருந்து 100.127-க்குள் அது தொடங்கினால், நீங்கள் ரவுட்டரில் செய்த எதுவும் வீண்தான். சேவை நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம். சிஜிநாட் என்பார்கள். ஐபி-4 என்ற பழைய வகை இணைய முகவரிகள் தீர்ந்துபோனதால் வந்த ஏற்பாடு. நீங்கள் திறந்தது உங்கள் வீட்டுக் கதவை. தெருமுனையில் இன்னொரு கேட் பூட்டிக் கிடக்கிறது, அதன் சாவி உங்களிடம் இல்லை.

நம் ஊர் காம்ப்ளெக்ஸ் வாசலில் செக்யூரிட்டி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாரே, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஆள் வெளியிலிருந்து வந்தால் விடமாட்டார். உள்ளிருந்து ஒருவர் போனால் பெயரை எழுதிக்கொள்வார், அவர் திரும்பி வந்தால் விட்டுவிடுவார். ஆகவே சர்வரே வெளியே வந்து நம்மைக் கூப்பிட வேண்டும். அந்த இணைப்பிலேயே நாம் உள்ளே போய்விடலாம். இதில் ஒரு சிக்கல்: கொஞ்ச நேரம் நடமாட்டம் இல்லையென்றால் அந்தப் பெயர் நோட்டிலிருந்து அடிபட்டுவிடும். சில இடங்களில் அரை நிமிடத்திலேயே. வயர்கார்டில் (இரு கணினிகளுக்கிடையே மறையாக்கம் செய்த தனிவழி போடும் மென்பொருள்) 'பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்' என்ற இடத்தில் எல்லோரும் 25 என்று போடுவது இதற்காகத்தான். 25 விநாடிக்கு ஒருமுறை சர்வர் வாசலில் தலையைக் காட்டிவிட்டுப் போகும்.

உங்கள் நிலைக்கு நான் சொல்வது டெயில்ஸ்கேல், உங்கள் கருவிகளை ஒரே தனி வலையமைப்பாக இணைக்கும் சேவை. உள்ளே ஓடுவது அதே வயர்கார்டுதான், சாவி பரிமாறும் தலைவலி மட்டும் நமக்கு இல்லை. சொந்த உபயோகத்துக்கு இலவசம். சர்வரில் ஒருமுறை நிறுவி, அது காட்டும் இணைப்பில் போய் உள்நுழையுங்கள். உங்கள் லேப்டாப்பிலும் போனிலும் அதே கணக்கில் நுழையுங்கள். சர்வருக்கு 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். (மேலே சொன்ன அதே எண் வரிசைதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர்.) அந்த முகவரிக்கு எஸ்எஸ்ஹெச் (தூரத்துக் கணினிக்குள் நுழைந்து கட்டளையிடும் வழி) போட்டால் சாட்ஸ்வொர்த் உங்கள் மேசைக்கு வந்துவிடும். இரு பக்கமும் நேரடியாகச் சந்திக்க முடியாவிட்டால் நடுவே ஒரு ரிலே (இரு பக்கத் தரவையும் கடத்திவிடும் சர்வர்) வழியாகப் போகும், வேகம் குறையும். ஜோகன்னஸ்பர்க்கிலேயே ஒரு ரிலே இருப்பதால் ஐரோப்பா வரை சுற்றிவர வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் இன்றே செய்யுங்கள். டெயில்ஸ்கேல் சாவிக்கு இயல்பாக 180 நாள்தான் ஆயுள். நிர்வாகப் பக்கத்தில் அந்த சர்வருக்கு மட்டும் காலாவதியை நிறுத்திவையுங்கள். மறந்தால், ஆறு மாதம் கழித்து ஒருநாள் காலையில் எல்லாம் சரியாக இருக்கும், சர்வர் மட்டும் காணாமல் போயிருக்கும்.

உறவினர்கள் படம் பார்க்க ஒரு வலைப்பக்கம் வேண்டுமானால் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டனல் சேவை இருக்கிறது. அதுவும் உள்ளிருந்து வெளியே போகும் இணைப்புதான். சொந்தமாக ஒரு டொமைன் (இணையப் பெயர்) வேண்டும். மின்னஞ்சலுக்குக் குறியீடு அனுப்பி உள்ளே விடும் பூட்டையும் அதில் போடலாம், கட்டாயம் போடுங்கள். இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும்: மறையாக்கம் அவர்களிடத்தில் ஒருமுறை பிரிக்கப்படுகிறது, அதாவது உங்கள் தரவை அவர்களால் பார்க்க முடியும், இலவசத் திட்டத்தில் ஒரே மூச்சில் 100 எம்பிக்கு மேல் பதிவேற்ற முடியாது. காவடி வீடியோவை மச்சான் போனிலிருந்து ஏற்றும்போது பாதியில் நின்றால் காரணம் இதுதான். சர்வரை நிர்வகிக்க இந்த வழியை நான் பயன்படுத்துவதில்லை.

இனி, உங்கள் கடிதத்தில் இல்லாத, ஆனால் உங்களை நிச்சயம் அலைக்கழிக்கப்போகும் விஷயத்துக்கு வருகிறேன். மின்சாரம். 2023-ஐப் போல லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) இப்போது இல்லைதான். ஆனால் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு என்று லைட் போவது நின்றுவிடவில்லை. உங்கள் டெஸ்க்டாப்பின் பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) 'மின்சாரம் திரும்பியதும்' என்ற அமைப்பு பெரும்பாலும் 'அணைந்தே இரு' என்றுதான் இருக்கும். அதை 'இயங்கு' என்று மாற்றாவிட்டால் டனல் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. அடுத்து, வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்திருக்கிறீர்களா? அப்படியானால் சர்வர் எழும்போதே கடவுச்சொல் கேட்டு நிற்கும். திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை, மாமியார் என்ன செய்வார்? இயங்குதளத்தைத் திறந்தபடி விட்டு, படங்கள் இருக்கும் பகுதியை மட்டும் பூட்டுங்கள். சர்வர் எழுந்ததும் உள்ளே போய் நீங்களே திறந்துகொள்ளலாம்.

ஃபைபர் பெட்டி, ரவுட்டர் இரண்டுக்கும் சேர்த்து ஒரு மினி யூபிஎஸ் வாங்குங்கள். சர்வருக்குத் தனியாக யூபிஎஸ் வைத்தால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பேட்டரி குறைந்ததும் சர்வர் ஒழுங்காக அணைந்துவிடும். சரியாக அந்த நிமிடத்தில் லைட் வந்தால் யூபிஎஸ் அணையாமலே தொடரும். மின்சாரம் போய் வந்ததாகவே சர்வருக்குத் தெரியாது, எழாது. 'நட்' என்ற மென்பொருளில், சர்வர் அணைந்தபின் யூபிஎஸ்ஸும் ஒருமுறை அணைந்து எழும்படி கட்டளை கொடுக்கலாம். உங்கள் யூபிஎஸ் அதற்கு ஒத்துழைக்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

பிளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று உருண்டை முள் வைத்த அந்த சாக்கெட்டைத்தான் இஸ்திரிப் பெட்டிக்கும் எல்லோரும் தேடுவார்கள். சுவிட்சின் மேல் டேப் ஒட்டி, கொட்டை எழுத்தில் 'இதைத் தொடாதீர்கள், படம் எல்லாம் இதில்தான்' என்று எழுதிவையுங்கள். 'சர்வர்' என்று எழுதினால் யாரும் மதிக்கமாட்டார்கள்.

கடைசியாக, இரண்டாவது வழி ஒன்று கட்டாயம் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சர்வரின் ஃபயர்வாலில் (எந்த இணைப்பை விடலாம் என்று தீர்மானிக்கும் காவல்) ஒரே ஒரு வரியை மாற்றி என்னை நானே வெளியே பூட்டிக்கொண்டேன். கதவைத் திறக்க 570 கிலோமீட்டர் வண்டி ஓட்டினேன். இப்போது ஒரு மலிவான விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) எடுத்து, சர்வரிலிருந்து அதற்கு ரிவர்ஸ் எஸ்எஸ்ஹெச் (உள்ளிருந்து போன இணைப்பிலேயே நாம் உள்ளே வரும் வழி) ஒன்றை எப்போதும் ஓடவிட்டிருக்கிறேன். அறுந்தால், லினக்ஸில் சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி தானாக மீண்டும் இணைக்கும். டெயில்ஸ்கேலைப் புதுப்பிக்கும்போது அந்த வழியாக வருவேன், அந்த வழியைத் தொடும்போது டெயில்ஸ்கேல் வழியாக வருவேன். ஃபயர்வாலைத் தொடும் முன், பழைய அமைப்பு பத்து நிமிடத்தில் தானாகத் திரும்பும்படி ஒரு வேலையை நேரம் குறித்து வைத்துவிடுவேன். எல்லாம் சரியென்றால் அதை ரத்து செய்வேன்.

எஸ்எஸ்ஹெச்சில் கடவுச்சொல் நுழைவை நிறுத்தி, சாவிக் கோப்பு நுழைவு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரில் போட்ட பழைய போர்ட் ஃபார்வார்டிங்கை எடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை சாட்ஸ்வொர்த் போகும்போது, கிளம்பும் நாள் காலையில் லேப்டாப்பை வைஃபையிலிருந்து கழற்றி போன் டேட்டாவில் போடுங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, யூபிஎஸ் பேட்டரி தீரும்வரை விட்டு, மீண்டும் போடுங்கள். எதையும் தொடாமல், மாமியார் கொடுக்கும் டீயைக் குடித்துக்கொண்டு காத்திருங்கள். டீ முடிவதற்குள் இரண்டு வழியிலும் உள்ளே போக முடிந்தால் வண்டியை எடுக்கலாம்.